கோவிந்தனைத் தேற்றிய கதை

மலாக்காவில் வெள்ளைக்காரப் பெரிய துரைக்கே சமைத்துப் போட்டவன் நான்.

பொய். துரை வீட்டுத் தோட்டக்காரன் ஒருநாள் மழைக்கு எங்கள் கடையில் ஒதுங்கினான். ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். துரைக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

ஆயர் குரோ தொழிற்சாலைக் கேண்டீன்களில் புதிதாகக் கரண்டி பிடித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள், தமிழ்ப்பள்ளி டீச்சர். நான் 'வந்துச்சு' என்றால் 'வந்தது' என்று எழுதிவிடுகிறாள். ஆகவே இதில் நன்றாக இருப்பதெல்லாம் அவளுடையது. அசடு வழிவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

உலை வைப்பதும் தாளிப்பதும் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப் போவது வேறு. நல்ல மனசோடு, சிரித்த முகத்தோடு, ஒரு நல்ல பையனின் ஈரலை நான் எப்படிக் கெடுத்தேன் என்ற கதை.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம். காஜா பேராங்கில் எங்கள் முதலாளியின் சாப்பாட்டுக்கடை, நான் அதில் சமையல்காரன். கல்யாணம் ஆகாத லோரி டிரைவர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடைப் பையன்கள் எல்லாரும் மூன்று வேளையும் எங்களிடம்தான் சாப்பிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று எலும்பும் தோலுமாகப் பிழைத்து வந்த கூட்டம் நாங்கள். அதனால் அப்போது தொந்தி என்றால் மரியாதை. "என்னப்பா, சதை போட்டுட்டியே!" என்றால் வாழ்த்து. "இளைச்சுட்டியே!" என்றால் துக்கம் விசாரிக்கிற மாதிரி.

இலையை மடித்தால் போதும் என்று அர்த்தம், இல்லையா? நான் மடித்த இலையை விரித்துவிடுவேன். அதுதான் என் விளையாட்டு. "என் சோத்தை அவமானப்படுத்துறியா? இந்தா!" என்று இன்னொரு கரண்டி கவிழ்ப்பேன். கடையே சிரிக்கும். மடித்தவனும் சிரித்துக்கொண்டே தின்பான். எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

கோவிந்தன் பலகை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். ஆனால் ஒரு நோய் நொடி கிடையாது. கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். அவனுக்கு உஜோங் பாசிரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வீராசாமி ஒருநாள் மாப்பிள்ளை சாப்பிடும் இடத்தைப் பார்க்கவென்று கடைக்கே வந்துவிட்டார். அவருக்குக் குடி என்றாலே நடுக்கம். மூத்த மகளைக் கட்டியவன் சம்சு குடித்தே செத்துப்போய், அவள் இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். இளையவள் சரசுவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

"பையன் குடிக்கமாட்டான், சரி," என்றார் என்னிடம். "ஆனா என்ன தம்பி, இப்படி குச்சியா இருக்கான்? காத்தடிச்சா இவனை யாரு பிடிக்கிறது? எம்மவ பிடிக்கணுமா?"

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டு ரசம் குடித்தான். வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போயிருக்கவேண்டியவன் நான். போனேனா?

"அஞ்சு மாசம் குடுங்க மாமா! தையில கல்யாணம்னா, அதுக்குள்ள மாப்பிள்ளைய தேத்தி, ரெண்டு ஆளா ஆக்கி உங்க கையில குடுக்கறேன். இது மணியத்தோட கரண்டி மேல சத்தியம்!"

கடையே கைதட்டியது. வீராசாமியும் சிரித்தார். இப்படித்தான் ஆரம்பித்தது.

காலையில் பசியாற வந்தால் ஆறு ரொட்டி, மேலே சீனி, பக்கத்தில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு டின் பால் நிற்கும் தேத்தண்ணீர். மத்தியானம் மலை மாதிரி சோறு, கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறி, தேங்காயின் முதல் பாலைத் தனியாக எடுத்துவைத்து அவனுக்கு மட்டும் ஒரு குழம்பு, மேலே நெய். லோரி ஓட்டிக் களைத்து வருவானே என்று சாயங்காலம் சீனிப்பாகு கலந்த சிரப் தண்ணீர். ராத்திரி திரும்பவும் எண்ணெயில் பொரித்தது. "போதும்ணே, போதும்ணே" என்பான். இலையை மடிப்பான். நான் விரிப்பேன். மாப்பிள்ளை இலையை விரிப்பது கடைக்கே வேடிக்கையாகிவிட்டது. மற்றவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றே மாதத்தில் சட்டைப் பொத்தான் தெறித்தது. அந்தப் பொத்தானை எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தேன், மெடல் மாதிரி. வீராசாமி வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுஷனாட்டம் இருக்கான்," என்று என் முதுகில் தட்டினார்.

"அண்ணே, வலது பக்கம் என்னமோ கனமா இருக்கு," என்றான் கோவிந்தன் ஒருநாள். "லோரில உக்காந்தா கண்ணு சொக்குது."

"அது ஒண்ணுமில்ல. சாப்பாடு உடம்புல ஒட்டுது."

இதைச் சொன்ன ஆளுக்கு வைத்தியம் எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே தைலம் தடவுகிற ஆள்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு அரசாங்க லோரி ஓட்டும் வேலை கிடைக்கிற மாதிரி வந்தது. உடம்பைச் சோதித்து டாக்டர் சரி என்று எழுதினால் வேலை. போனான். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, மறுபடி அமுக்கி, "ஈரல் பெரிசா இருக்கே. நீ குடிப்பியா?" என்று கேட்டாராம். "ஒரு சொட்டு கிடையாது சார்," என்றிருக்கிறான். உடம்பைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வா, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வரிசையில் பின்னால் நின்றவன் உஜோங் பாசிர்காரன். டாக்டர் கேட்ட கேள்வி அன்றைக்கே உஜோங் பாசிர் போய்ச் சேர்ந்தது. கோவிந்தன் சொன்ன பதில் போய்ச் சேரவில்லை.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கடையில் சாப்பிடும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவர். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து டாக்டர் பக்கத்தில் நிற்பதுவரை எல்லாம் பார்ப்பவர். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் கூச்சப்படுகிற மனுஷர். வாழ்நாளில் ஒரு முட்டைகூடப் பொரித்திருக்கமாட்டார். ஆனாலும் எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

கோவிந்தன் சொன்னதைக் கேட்டு நான் அவரிடம் போய், "ஏன் ஐயா, குடிக்காதவனுக்கு ஈரல் எப்படி வீங்கும்?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் வெளியே பேசமாட்டார். எழுந்து நேராக அடுப்படிக்குள் வந்து என் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"அவனுக்கு ஒரு நாளைக்கு என்னென்ன போடுற, சொல்லு."

பெருமையாகச் சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"மணியம், குடிச்சாத்தான் ஈரல் கெடும்னு யாரு சொன்னா? நாள் பூரா உக்காந்திருக்கவனுக்கு இவ்வளவு சீனியும் நெய்யும் சோறும் தள்ளினா, கொழுப்பு போய் ஈரல்ல படியும். வலிக்காது, சத்தம் போடாது, அமைதியா படியும். இதை அவனுக்கு ஊட்டினது யாரு?"

சிரித்து மழுப்பினேன். "என்ன ஐயா, சோறு போட்டது குத்தமா?" அவர் சிரிக்கவில்லை. "இப்பவே நிறுத்தினா ஈரல் தானே தேறி வரும். அது நல்ல உறுப்பு, மன்னிக்கும். ஆனா ரொம்ப நாள் காத்திருக்காது."

முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லாவில் இருந்தபடியே குனிந்து, "மணியம், எங்கடைச் சோறு தின்னு ஈரல் போச்சுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சு, நாளைக்கு ஈ கூட வராது. வாயப் பொத்து," என்றார்.

பொத்தினேன். பிள்ளைகளே, என் உண்மையான தப்பு நெய் ஊற்றியது அல்ல. அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டு அவனுக்கு அதே சோற்றைப் போட்டேனே, அதுதான். கோவிந்தன் பாட்டுக்குச் சாப்பிட்டான். அண்ணன் போடுவது நல்லதுக்குத்தான் என்று நம்பினவன்.

எட்டாம் நாள் மத்தியானம் கடை நிறைந்திருந்தபோது வீராசாமி வந்தார். கையில் கோவிந்தன் வீட்டார் கொடுத்த நிச்சயதார்த்தத் தட்டு. பட்டுத்துணி, வெற்றிலை பாக்கு எதுவும் கலையாமல் அப்படியே. கோவிந்தன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, நீ நல்லா இரு. எம்மவ வேணாம்."

"மாமா, என்ன…"

"ஈரல் வீங்கிருக்காமே. ஒரு மருமவன் ஈரல் வீங்கிச் செத்து, அவனை நான் பாடையில தூக்கிட்டுப் போயிட்டேன். இன்னொண்ணு தூக்க எனக்குத் தெம்பில்ல."

"சத்தியமா குடிச்சதில்ல மாமா."

"அவனும் அப்படித்தான்டா சொன்னான்!"

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூலை மேசையில் டிரஸ்ஸர் ஐயாவும் பார்த்தார். அவர் பேசமுடியாது என்று எனக்குத் தெரியும். அவர் உத்தியோகம் அப்படி. அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்து பேசக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஜோக் அடித்தேன்.

"மாமா, ஆட்டு ஈரல் வறுவல் அதிகமா தின்னுட்டான், உள்ள போய் ஒட்டிக்கிச்சு!"

பழக்கதோஷம். பயம் வந்தால் என் வாய் தானாகக் கோமாளி வேஷம் கட்டிக்கொள்ளும். இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். வீராசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். கோவிந்தன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதில் கோபம் இல்லை. 'நீங்களுமா அண்ணே' என்கிற மாதிரி. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அடுப்படிக்குள் போனேன். பெரிய தாம்பாளம் ஒன்றை எடுத்தேன். பாதி காலியான டின் பால், நெய்ப் போத்தல், சிரப் போத்தல், சீனி டப்பா, முதல் பால் பிழிந்து போட்ட தேங்காய் மூடிகள், ஒரு கட்டி ஆட்டுக் கொழுப்பு எல்லாவற்றையும் அதில் அடுக்கினேன். வாசலை அடைவதற்குள் வீராசாமியை மறித்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, இதைப் பாத்துட்டுப் போங்க. இவனுக்கு ஒரு நாளைக்கு நான் ஊட்டினது இது. கள்ளு இல்ல, சம்சு இல்ல. அவன் போதும் போதும்னு இலையை மடிச்சான், நான் விரிச்சேன். இந்தக் கடையே பாத்துச்சு, கேட்டுப் பாருங்க. கொழுப்பு ஈரல்ல போய் உக்காந்திருக்கு. உக்கார வெச்சது இந்தக் கை. குடிகாரன்னு யாரையாச்சும் சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க. கைதட்டலைத்தான் குடிச்சேன் நான்."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். யாரோ இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். துணிக்கடைப் பையன் ஒருவன் மட்டும், "ஆமா மாமா, அவரு தினம் விரிப்பாரு. நாங்கதான் சிரிச்சோம்," என்றான்.

வீராசாமி குனிந்து நெய்ப் போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "குச்சியா இருக்கான்னு சொன்னது நாந்தானே," என்றார் மெதுவாக. பிறகு திரும்பிப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டார்.

"தட்டு எங்கிட்ட இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சு டாக்டர் சரின்னா, தை போனாலும் கல்யாணம் உண்டு. இல்லேன்னா தட்டு திரும்பி வரும். தம்பி, நான் பொண்ணப் பெத்தவன். என்னைத் திட்டாத."

அடுத்த நாள் இரண்டு மேசை காலி. முதலாளி என்னை விரட்டிவிடுவார் என்று துணிமணியைக்கூட மடித்து வைத்துவிட்டேன். காலையில் வந்தார், என்னை நன்றாகத் திட்டினார், ஜப்பான்காரன்கூட அப்படித் திட்டியதில்லை. திட்டி முடித்து, தன் தொந்தியைத் தடவிக்கொண்டே, "அவனுக்கு வைக்கிற சாப்பாட்டையே எனக்கும் வை. யாருகிட்டயும் சொல்லாத," என்றார். அந்த மனுஷனுக்கு நான் செய்யவேண்டிய நன்றி இன்னும் பாக்கி.

தப்பு செய்தவன் திருந்தும்போது பாதித் தூரத்தில் நிற்கமாட்டான். மறுபக்கம் போய் விழுவான். முதல் இரண்டு நாள் கோவிந்தனுக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் லோரியை விட்டு இறங்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். டிரஸ்ஸர் ஐயா கடைக்கே வந்து என் காதைத் திருகாத குறை.

"பட்டினி போட்டா ஈரல் இன்னும் கெடும்டா, முட்டாள்! மெதுவா இறக்கு. சோறு பாதி, காய் ரெண்டு மடங்கு. மீனைப் பொரிக்காத, குழம்புல போடு. சிரப், டின் பால் ரெண்டையும் கண்ணுல காட்டாத. பழத்தைப் பிழிஞ்சு குடுக்காத, கடிச்சுத் தின்னட்டும். அவனை நடக்க விடு."

"ருசி வேணாமா ஐயா?"

"அதுக்குத்தானே உன்னை அங்க நிறுத்தி வெச்சிருக்கு?"

அந்த ஒரு கேள்விதான் எனக்குப் பள்ளிக்கூடம். அதுவரை ருசி என்றால் நெய், ருசி என்றால் தேங்காய்ப்பால் என்று நினைத்திருந்தேன். அவை இரண்டும் இல்லாமல் கை கட்டிப்போட்ட மாதிரி நின்றபோதுதான் புளியும் மிளகும் வறுத்த சீரகமும் என்ன செய்யும் என்று தெரிந்தது. செட்டிக் கம்பத்திலிருந்து கீரை கொண்டுவரும் ஒரு அக்காள் இருந்தாள். பல தலைமுறையாக மலாக்காவில் வேரூன்றிய குடும்பம், அவளுக்குத் தமிழ் வராது, எங்களுக்குள் மலாய்தான். கங்கோங் கீரையைப் பெரிய நெருப்பில் பூண்டும் மிளகாயும் தட்டிப்போட்டு ஒரு நிமிஷத்தில் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய்க்கு மேல் நான் ஊற்றப் போனபோது கரண்டியாலேயே என் கையில் ஒன்று வைத்தாள். அவளுக்கும் நன்றி.

சாயங்காலம் இரண்டு பேரும் ஜாலான் பெண்டஹாரா வரைக்கும் நடப்போம். பலகாரக்கடை வந்தால் நான் கடைப் பக்கமாக மாறி அதை மறைத்துக்கொள்வேன்.

"ஏத்திவிட்டதும் நீங்க, இறக்கிவிடுறதும் நீங்க. நான் என்ன லோரியா அண்ணே?" என்றான் ஒருநாள், எரிச்சலோடு.

"கோவிச்சுக்கடா. திட்டணும்னா திட்டு."

"திட்டி என்ன பண்றது? அந்தத் தாம்பாளத்தைத் தூக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கே என் கோவம் போச்சு," என்றான். "ஆனா நாளைக்கும் பாகற்காய்னா நிச்சயம் திட்டுவேன்."

தம்பி தங்கைகளே, நம்மிடம் சாப்பிட வருகிறவன் நம்மை நம்பி வாயைத் திறக்கிறான். நான் கெடுத்த பிறகும் ஒருத்தன் என் கையாலேயே வாங்கிச் சாப்பிட்டான். வேறு கடைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அதற்கு மேல் ஒரு சமையல்காரனுக்கு என்ன மரியாதை வேண்டும்? அவன் போதும் என்றால் போதும். அன்றிலிருந்து நான் யாருடைய இலையையும் விரித்ததில்லை.

மூன்று மாதம் முடிந்தது. சோதனைக்கு நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கடையில் இருந்தால் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு. ஒரு முனையில் நான். மறு முனையில், மடியில் துணி போட்டு மூடிய எதையோ வைத்துக்கொண்டு, வீராசாமி. கோவிந்தனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்னப்பா, இளைச்சிருக்கானா?" என்றார் என் பக்கம் திரும்பாமலே.

"இளைச்சிருக்கான் மாமா. ஆனா குச்சி இல்ல."

"உள்ள பாத்தா தெரியுமா?"

"விரல் வெச்சுப் பாப்பாங்களாம்."

இரண்டு பேருமே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே 'மூச்சை இழு' என்ற சத்தம் கேட்டது. நானும் இழுத்தேன். பக்கத்தில் வீராசாமியும் இழுத்தார். விடச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கதவு திறந்தது. டிரஸ்ஸர் ஐயா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக வீராசாமி முன்னால் போய் நின்று, கையிலிருந்த காகிதத்தை…

இரும்மா, எழுதாதே. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.

"அண்ணே! மணியண்ணே! நான் சரசு. கொஞ்சம் வீட்டுக்கு வாங்களேன். பேத்தி பொறந்தநாள்னு கேக்கு வெட்டினோம், இந்த மனுஷன் மூணாவது துண்டு எடுத்துட்டாரு. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. உங்களைக் கண்டாத்தான் பயப்படுவாரு!"

மூணாவது துண்டாமே! மருமகளே, என் செருப்பு எங்கே?